பின்லாந்தில் விளையாட்டு சேனல் சந்தா: தொலைபேசியில் விற்பவர்களிடம் எச்சரிக்கை

பின்லாந்தில் கட்டண விளையாட்டு சேனல் ஒன்றின் சார்பில் தொலைபேசியில் அழைத்துச் சந்தா விற்பவர்களிடம், இங்கு வசிக்கும் நம்மவர்கள், குறிப்பாகப் புதிதாக வந்தவர்கள், கவனமாக இருக்க வேண்டும். நான் சம்மதமே தெரிவிக்காத ஓராண்டு ஒப்பந்தத்துக்கு எனக்குப் பில் வந்தது. அதை ரத்து செய்ய வைப்பதற்குள் குளிர்காலத்தில் பாதி கழிந்துவிட்டது. சேனலின் பெயரை எழுதவில்லை. இதே முறையில் விற்பவர்கள் ஒருவர் மட்டுமல்லர் என்பது அலுவலகத்தில் விசாரித்தபோது தெரிந்தது.

நான் இருப்பது தம்பெரே நகரில். நாட்டின் முதன்மை ஐஸ் ஹாக்கித் தொடரான லீகாவில் ஆடும் தப்பரா, இல்வெஸ் ஆகிய இரண்டு அணிகளும் இந்த ஊரைச் சேர்ந்தவை. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட நோக்கியா அரங்கம்தான் இரண்டுக்கும் சொந்தக் களம். முந்தைய நாள் ஆட்டத்தைப் பார்க்காதவர் மதிய உணவு மேசையில் பேச்சின்றிச் சாப்பிட்டுவிட்டு எழ வேண்டியதுதான். லீகா ஆட்டங்களோ பெரும்பாலும் கட்டண சேனல்களில்தான் வருகின்றன. அவற்றின் ஒளிபரப்பு உரிமை 2013இல் ஒருமுறையும் 2018இல் மறுமுறையும் கைமாறியது. எந்த ஆட்டத்தை எங்கே பார்ப்பது என்பதில் ஊர்க்காரர்களே தடுமாறுகிறார்கள் என்றால், வெளியிலிருந்து வந்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விற்பவர்கள் குறிவைப்பது இந்தத் தடுமாற்றத்தைத்தான்.

செப்டம்பரில், தொடர் தொடங்கிய சமயத்தில் அழைப்பு வந்தது. எனக்கு ஃபின்னிஷ் சரளமாக வராது என்று புரிந்ததும் அழைத்தவர் மிக இனிமையான ஆங்கிலத்துக்கு மாறினார். முதல் மாதம் ஒரு யூரோ, பிறகு மாதம் 34.90 யூரோ, இரண்டு அணிகளின் எல்லா ஆட்டங்களும் உண்டு, ஏப்ரலில் தொடர் முடிந்ததும் சந்தா தானாகவே நின்றுவிடும் என்றார். நான் தயங்கியதைக் கண்டு, உலகச் சாம்பியன் போட்டியில் பின்லாந்து ஆடும் ஆட்டங்களைக்கூட இனி இலவசமாகப் பார்க்க முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். இது கலப்படமற்ற பொய். ஒலிம்பிக், ஐஸ் ஹாக்கி உலகச் சாம்பியன் போட்டி போன்றவற்றின் முக்கிய ஆட்டங்கள் இலவச ஒளிபரப்பில் கிடைக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் அரசாணை சொல்கிறது. தேசிய அணியின் ஆட்டங்கள் அதில் அடங்கும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குறுஞ்செய்தி வந்தது. "விவரங்கள் கிடைத்தன என்று உறுதிசெய்யத்தான், இணைப்பைத் திறந்து பச்சைப் பொத்தானை அழுத்துங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன்" என்றார். திறந்து பார்த்தேன். பச்சைப் பொத்தானுக்குக் கீழே, சாம்பல் நிறச் சிறிய எழுத்தில், ஃபின்னிஷில் மட்டும், பன்னிரண்டு மாதக் கட்டாய ஒப்பந்தம் என்றிருந்தது. அதாவது ஆட்டமே நடக்காத கோடை மாதங்களுக்கும் பணம் கட்ட வேண்டும். அதைவிட வேடிக்கை, அந்தப் பேக்கேஜின் பட்டியலில் லீகாவே இல்லை. அதற்கு மேலே உள்ள பேக்கேஜை வாங்க வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். பொத்தானைத் தொடவில்லை.

ஆனாலும் பில் வந்தது. அடுத்து, தாமதத்துக்காக ஐந்து யூரோ சேர்த்து நினைவூட்டல் கடிதம். வாடிக்கையாளர் சேவையை அழைத்தால், தொலைபேசியில் நான் ஒப்புக்கொண்டதாகப் பதிவு இருக்கிறது என்றார்கள். அந்த ஒலிப்பதிவை அனுப்பச் சொன்னபோது, விற்றவர் வேறொரு துணை நிறுவனத்தின் ஆள், பதிவு தங்களிடம் இல்லை என்றார்கள். பணம் கட்டாவிட்டால் கடன் வசூல் நிறுவனத்திடம் போகும் என்றும் மென்மையாகச் சொன்னார்கள். இந்த நாட்டில் கடன் தவறியவர் என்ற பதிவு பெயரில் ஏறிவிட்டால் வாடகை வீடு கிடைப்பதுகூடச் சிரமம் என்பது இங்கிருக்கும் எல்லாருக்கும் தெரியும். பலர் அந்தப் பயத்திலேயே கட்டிவிடுகிறார்கள். உண்மையில் வெறும் நினைவூட்டல் கடிதத்தால் அந்தப் பதிவு ஏறுவதில்லை. பில்லைக் காரணத்தோடு எழுத்தில் மறுத்துவிட்டால், வழக்கமான வசூல் நடவடிக்கையைத் தொடரவும் அவர்களுக்கு உரிமை இல்லை.

அரசின் இலவச நுகர்வோர் ஆலோசனைச் சேவையை அழைத்த பிறகுதான் பிடி கிடைத்தது. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, விற்பனையாளர் தாமாக அழைத்துப் பேசிய விற்பனையில், அழைப்புக்குப் பிறகு சலுகையை எழுத்தில் அனுப்பி, அதை வாடிக்கையாளர் எழுத்திலேயே ஏற்றால்தான் ஒப்பந்தம் செல்லும், வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. அழைப்பின் நடுவிலேயே பொத்தானை அழுத்தச் சொல்வது இந்த விதியைச் சுற்றிவரும் தந்திரம். விற்றவர் துணை நிறுவனத்து ஆள் என்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். இவற்றை எழுதி, எழுத்துப்பூர்வமான ஏற்பைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் நுகர்வோர் தகராறு வாரியத்துக்குப் போவேன் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த வாரியத்தின் முடிவுகள் பரிந்துரைகள்தாம், விசாரணையும் மெதுவாகத்தான் நடக்கும்; இருந்தாலும் கட்டணம் கிடையாது. சில நாளில் பில்லும் ஐந்து யூரோவும் ரத்தாயின. காரணம் சொல்லப்படவில்லை.

பொத்தானை அழுத்திவிட்டவர்களுக்கும் வழி உண்டு. பதினான்கு நாளுக்குள், காரணம் எதுவும் சொல்லாமலே ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். உங்கள் வேண்டுகோளின்படி சேவை ஏற்கெனவே தொடங்கியிருந்தால், பார்த்த நாள்களுக்கு மட்டும் பணம் கேட்கக்கூடும். தொலைபேசியில் சொல்லாமல் மின்னஞ்சலில் விலகுங்கள், குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். இந்த உரிமை உண்டு என்பதையே அவர்கள் உங்களுக்குத் தெரிவிக்கவில்லை என்றால், அந்தக் காலக்கெடு மேலும் பன்னிரண்டு மாதம் நீளும்.