அஞ்சு ரோடு பக்கம் உப்புத்தண்ணி மீன் கடை, 5க்கு 3 ஸ்டார்

சேலத்துல உக்காந்துட்டு கடல் மீன் வளக்கணும்னு நெனச்சது என் கொழுப்பு தான், அத ஒத்துக்கறேன். கடை பேர் வேணாம். ரெண்டு அடி டேங்க், 55 லிட்டர் புடிக்கும், அதுல ஒரே ஒரு கல்ல வச்சு ரெண்டு க்ளவுன் மீன், ஒரு ப்ளூ டாம்செல் மீன், ஒரு டாமினோ மீன் போட்டு "ஒன்னும் ஆவாதுண்ணா"ன்னு குடுத்துட்டாங்க.

டாமினோ பாக்க அப்பாவி, கறுப்பு உடம்பு, நெத்தில ஒரு வெள்ளைப் புள்ளி, ரெண்டு பக்கமும் ஒவ்வொன்னு. மறுநாளே கல்லுல இருந்த ஒரே பொந்த புடிச்சிக்கிட்டு ஒருத்தரையும் அண்ட விடல. ப்ளூ டாம்செல் வால் கிழிஞ்சு ஹீட்டருக்கு பின்னாடி ஒண்டிக்கிட்டே நின்னுச்சு, நாலாம் நாள் காலைல மெதக்குது.

சண்டை போடத்தான் போனேன். அங்க ஷோ டேங்க் ஆறு அடி, கல்லு குவிச்சு வச்சு சந்து பொந்தா இருக்கு, பத்து வகை மீன் ஆளுக்கொரு மூலைய புடிச்சிட்டு நிம்மதியா சுத்துது. அப்ப தான் வெளங்குச்சு, பவளப்பாறையிலயும் இதே கதை தான், பாறை பெருசானா எடமும் வகை வகையா பொந்தும் சேந்து கூடும், அதனால அதிக இனம் தாங்கும், சின்ன பாறைன்னா முதல்ல வந்தவன் வச்சது தான் சட்டம். 1970கள்ல பீட்டர் சேல்னு ஒரு மீன் ஆராய்ச்சியாளர் ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறை மீன்கள பாத்துட்டு இத லாட்டரின்னே சொன்னாரு, ஒரு மீன் செத்து எடம் காலியானா அந்த நேரத்துக்கு எந்த குஞ்சு வந்து சேருதோ அதுக்கு தான் எடம், அதனால ஒரே இனம் மொத்தத்தையும் அள்ள முடியாது. நம்மூர்ல லாட்டரிக்கு 2003லயே தடை, கடல்ல இன்னும் ஓடுது போல. என் டேங்க்ல வெளிய இருந்து குஞ்சே வராது, குலுக்கலே இல்ல, அப்புறம் டாமினோ தான ஜெயிக்கும். இத விக்கும்போதே சொல்லிருக்கலாம்ல? அதுக்கு தான் ரெண்டு ஸ்டார் கட்.

ஆனா கடைப்பையன் தங்கம். வீட்டுக்கே வந்து டாமினோவ பாதி விலைக்கு திருப்பி எடுத்துக்கிட்டான், புதுசா மூணு கல்லு வச்சு எல்லாத்தையும் மாத்தி அடுக்குனான், அப்ப தான் பழைய மீனுக்கும் எது தன் எடம்னு மறந்துரும்னான். உயிர் பவளம் கெடைக்குமான்னு கேட்டேன், வன உயிரினச் சட்டத்துல பாதுகாப்புப் பட்டியல்ல இருக்குதுண்ணா, கை வைக்க மாட்டோம்னு சொல்லிட்டான், அது புடிச்சுது.

க்ளவுன் ரெண்டும் இப்ப நல்லா இருக்கு. மே மாச வெயிலுக்கு தண்ணிய குளுத்துற சில்லர் வாங்கணுமாம், விலைய கேட்டுட்டு பேசாம வந்துட்டேன்.