தண்டையார்பேட்டை பாய் ஆட்டோ எலக்ட்ரிக் கடைக்கு நாலு ஸ்டார்

எங்கள் பிக்கப் பெட்ரோல் வண்டி. அப்பா வாங்கியது. இப்போது தம்பி ஓட்டுகிறான், கணக்கு நோட்டு என்னிடம். விடிகாலை மூன்று மணிக்குக் காசிமேட்டில் மீன் ஏற்றினால், ஆறரைக்குள் பெரம்பூர், மாதவரம், ரெட்டேரி என்று நாலைந்து கடைகளில் இறக்கியாக வேண்டும். இந்த வண்டிக்கு ஒரே வருஷத்தில் மூன்று ஃபியூயல் பம்ப் (டேங்க்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் மோட்டார்) மாற்றினோம். பம்ப்பும் கூலியும் சேர்த்து முதல் தடவை 5,200 ரூபாய், அடுத்தது 4,900, மூன்றாவது 5,600. ஆக 15,700. ஐஸ் உருகிக் கெட்டுப்போன சரக்கைத் தனிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை அம்மாவுக்குக் காட்டுவதில்லை.

ஒவ்வொரு தடவையும் ஒரே கதைதான். லோடோடு மேம்பாலம் ஏறும்போது வண்டி விக்கும், திணறும், அப்புறம் அணைந்துவிடும். செல்ஃப் அடித்தால் சுற்றும், பிடிக்காது. பத்து நிமிஷம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஒருநாள் பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்க, தம்பி இறங்கித் தள்ளினான். நாங்கள் வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் டெஸ்ட் லேம்ப் (கரண்ட் வந்தால் எரியும் சின்ன பல்பு) வைத்துப் பார்ப்பார்கள். லேம்ப் எரியும். "கரண்ட் வருது, பம்ப்தான் போச்சு" என்பார்கள். டேங்க்கை இறக்கி மாற்றுவார்கள். மூன்று நான்கு மாதம் ஓடும். மறுபடியும் நிற்கும். ஃபியூஸ், ரிலே எல்லாம்கூட மாற்றியாயிற்று. பெட்ரோலில் எத்தனால் கலப்பதுதான் காரணம் என்று சந்தையில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள்.

மூன்றாவது பம்ப் போட்ட நாற்பதாவது நாள் வண்டி திரும்பவும் நின்றது. அப்போது ஒரு ஆட்டோக்காரர் சொல்லித்தான் இந்தக் கடைக்கு வந்தோம். டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், போர்டு மங்கிப்போன ஆட்டோ எலக்ட்ரிக் கடை. எல்லாரும் பாய் கடை என்றே சொல்கிறார்கள்.

பாய் முதலில் பம்ப்பைப் பற்றிப் பேசவே இல்லை. "வண்டியில இன்னாம்மா ஏத்துறீங்க?" என்றார். மீன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்தார். பேட்டரியில் 13.9 வோல்ட். பம்ப் கனெக்டரின் பின்பக்கம் ஊசியை விட்டுப் பார்த்தால் 10.6. அடுத்து பேட்டரி நெகட்டிவில் ஒரு ஊசி, பம்ப்பின் எர்த் ஒயரில், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் ஒயரில், இன்னொரு ஊசி. அங்கே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டுமாம். 2.8 காட்டியது.

"பம்ப்பு நல்லாதாம்மா கீது. சோறு போடாம வேல வாங்குனா அது இன்னா பண்ணும்?"

வண்டியின் பின்பக்கச் சரக்குப் பெட்டியின் தரைக்கு நேர் கீழே, சேஸிஸில் (வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தில்) எர்த் ஒயரை போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் நாள் தவறாமல் சொட்டுவது சரியாக அந்த போல்ட் மேல். ஒயரின் உறையைக் கிழித்துக் காட்டினார். உள்ளே செம்பு இல்லை, பச்சையாகப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அப்படியானால் லேம்ப் எப்படி எரிந்தது என்று கேட்டேன். லேம்ப்பின் கிளிப்பை வேறு நல்ல இடத்தில் மாட்டிப் பார்த்திருப்பார்கள், அதனால் எரிந்திருக்கும்; இந்த எர்த் ஒயரை யாரும் சோதிக்கவே இல்லை என்றார். புது பம்ப் போட்டதும் ஏன் சில மாதம் ஓடியது? டேங்க்கை இறக்கி ஏற்றும்போது ஒயரெல்லாம் அசைந்து, துரு கொஞ்சம் உரசிப்போய், தற்காலிகமாகத் தொடர்பு கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

கழற்றிய இரண்டாவது பம்ப்பைத் தம்பி தூக்கிப் போடாமல் வைத்திருந்தான். அதைக் கொண்டுவரச் சொன்னார். பெட்ரோல் வாடை இல்லாத இடமாகத் தெருவோரம் எடுத்துப் போய், தனி பேட்டரியில் ஒரு நொடி ஒயரைத் தொட்டார். விர்ரென்று சுற்றியது. எனக்கு வயிறு எரிந்தது. வண்டியோடு வந்த பழைய பம்ப் எட்டு வருஷம் உழைத்தது, அது உண்மையாகவே செத்திருக்கலாம். அடுத்த இரண்டு தடவை மாற்றியதற்குக் கொடுத்த 10,500 ரூபாய் கடலில் போட்ட காசு.

கெட்ட ஒயரை வெட்டிப் புது லக் (ஒயர் முனையில் மாட்டும் வளையம்) போட்டார். சேஸிஸில் வேறு உயரமான இடத்தில் பெயின்ட்டைத் தேய்த்து, இரும்பு பளபளத்த பிறகு முடுக்கி, மேலே கிரீஸ் பூசினார். பேட்டரியிலிருந்து தனியாக இன்னொரு எர்த் ஒயரும் இழுத்தார். இப்போது பம்ப்பில் 13.4 வோல்ட் வருகிறது. சாவியைத் திருப்பியதும் கேட்கும் அந்த இரண்டு நொடி உறுமலே வேறு மாதிரி இருக்கிறது. கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 1,050 ரூபாய். ஐந்து மாதம் ஆகிறது, ஒரு நாள்கூட நிற்கவில்லை.

சரி, ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன்? கோளாறைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம்தான் ஆனது. வேலை முடிய இரண்டு நாள். நடுவில் மூன்று தடவை "தோ வந்துட்டேம்மா" என்று போய்விட்டார். போன் எடுக்கவே மாட்டார். பில் கேட்டால் சிகரெட் அட்டையில் எழுதித் தருகிறார். உட்கார ஒரு ஸ்டூல்தான், அதிலும் கடைப் பூனை படுத்திருக்கும். பத்தரைக்கு முன்னால் போகாதீர்கள், வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும். டேங்க்கில் அடிவண்டல் இருக்கும், கழுவ வேண்டும், கால் டேங்க்குக்குக் கீழே விடாதீர்கள், பெட்ரோலுக்குள் முங்கி இருந்தால்தான் பம்ப் சூடாகாமல் இருக்கும் என்றெல்லாம் சொன்னார். ஆனால் கழுவும் வேலையை அவர் செய்வதில்லை.

மீன் தண்ணீர் வெளியே போகச் சரக்குப் பெட்டியின் ஓரத்தில் ஒரு குழாய் வைக்கச் சொல்லியிருந்தார். தம்பி இன்னும் வைக்கவில்லை. நான் தார்ப்பாய்த் துண்டு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன். இரண்டாவது பம்ப் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது, நாலு மாதம்தான் ஓடியது. அதே மாடல் வைத்திருப்பவர்கள் யாராவது கேட்டால் பாதி விலைக்குக் கொடுப்பேன். ஆனால் முதலில் எர்த்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.