மிஷனெரி இடங்களைக் காட்டும் ஒருநாள் வேன் டூர்: எங்கே தேறுது, எங்கே கோட்டை விடுது

நாகர்கோவிலில் இருந்து கிளம்பும் இந்த ஒருநாள் டூரைப் பல டிராவல்ஸ்காரர்கள் போடுகிறார்கள். சபை வாலிபர்கள், பெண்கள் ஐக்கியம், பங்கு ஆட்கள் என்று குழுவாக எடுப்பவர்கள்தான் அதிகம். இடங்களின் தேர்வில் குறை சொல்ல எதுவும் இல்லை. வரிசையில்தான் கோளாறு.

வழக்கமான பட்டியல் இது: கன்னியாகுமரியில் சூரிய உதயம், மயிலாடி, கோட்டாறு, சாப்பாடு, ஆரல்வாய்மொழி காற்றாடிமலை, அங்கிருந்து மேற்கே புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை, நேரம் இருந்தால் நெய்யூர். நேரம் இருக்கவே இருக்காது. வண்டி கிழக்கே இரண்டு தடவை போய் வருவதால் டீசலும் ஒன்றரை மணி நேரமும் வீண். அதைவிட, மத்தியானம் இரண்டு மணிக்குக் காற்றாடிமலைப் பாறையில் செருப்பில்லாமல் ஏறச் சொன்னால் வயசானவர்கள் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

கன்னியாகுமரியை வெட்டிவிட்டு, காலை ஆறு மணிக்கு நேரே ஆரல்வாய்மொழிக்கு விடச் சொல்லுங்கள். சுமார் 15 கிலோமீட்டர்தான். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை, கதையே திருவிதாங்கூரின் எல்லையாக இருந்த அந்தக் கணவாயில்தான் தொடங்குகிறது. திருவிதாங்கூரில் சுவிசேஷத்துக்கு எதிர்ப்பு எப்படி இருந்தது என்பது அந்த எல்லையில் நின்றால்தான் பிடிபடும். நட்டாலத்து நீலகண்டபிள்ளை 1745 மே 14-ல் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனது சொந்த நாட்டில் அல்ல, கணவாய்க்கு அந்தப் பக்கம் வடக்கன்குளத்தில். நான்கு வருடம் கழித்துக் கைது. 1752 ஜனவரி 14-ல் அதே எல்லையில், காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 54 வருடம் கழித்து, 1806-ல் எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனெரி சொசைட்டி) மிஷனெரி ரிங்கல்தௌபே உள்ளே நுழைந்ததும் இதே ஆரல்வாய்மொழி வழியாகத்தான். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இதைச் சொன்னால் யார் காதிலும் ஏறாது. வடக்கன்குளத்தைப் பெரும்பாலான டூர்களில் சேர்ப்பதில்லை, திருநெல்வேலி மாவட்டம் என்று விட்டுவிடுகிறார்கள். கூடுதலாகக் கொடுத்தாலும் சேர்க்கத் தகும்.

அடுத்து மயிலாடி. டூரில் மிக மட்டமாக விளக்கப்படும் இடமும் இதுதான். கைடு "இதுதான் முதல் எல்.எம்.எஸ். சபை, 1809" என்று சொல்லிவிட்டு போட்டோவுக்கு நேரம் விடுகிறார். வந்த மூன்று வருடத்துக்கு அப்புறம்தான் ஆலயம் எழும்பியது ஏன் என்பதல்லவா விஷயம்! திவான் வேலுத்தம்பி அனுமதி தரவில்லை. பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலே பக்கம் போய் நிற்க வேண்டியிருந்தது. வேலுத்தம்பியின் கிளர்ச்சி 1809-ல் முடிந்த பிறகுதான் வழி திறந்தது. ஆளும் தரப்போடு ஒட்டினால் அனுமதி, ஒட்டினாலே "வெள்ளைக்காரன் மதம்" என்ற பேர். இந்த இக்கட்டு அடுத்த ஐம்பது வருடமும் இங்கே மிஷனெரிகளை விடவில்லை. மயிலாடிக்காரரான வேதமாணிக்கம் இல்லாமல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்திருக்கவே மாட்டார், 1816-ல் போகும்போது சபையை ஒப்படைத்ததும் அவரிடம்தான். கைடு வேதமாணிக்கத்தை ஒரு வரியில் கடக்கிறார்.

மயிலாடியில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. ஆராதனை இல்லாத நேரம் ஆலயம் பூட்டியிருக்கலாம். முந்தின நாளே போதகரிடம் சொல்லி வைப்பது டூர்காரர் வேலை. செய்தாரா என்று நீங்கள் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் தேவசகாயம் கல்லறையைப் பார்க்க அரைமணி போதும். கடைத்தெரு நெரிசலில் வேனை நிறுத்த இடமிருக்காது. இறக்கிவிட்டு, போன் செய்தால் வருவதாக டிரைவரிடம் பேசிக்கொள்ளுங்கள். டிசம்பர் 3-ஐ ஒட்டிய திருவிழா நாட்களில் இந்த டூரையே எடுக்க வேண்டாம்.

சாப்பாட்டைத் தக்கலைப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். மரச்சீனியும் மீன்குழம்பும் கிடைக்கிற ஊரில் சில டூர்காரர்கள் பார்சல் ஃப்ரைட் ரைஸ் கொடுப்பது என்ன கணக்கோ தெரியவில்லை.

புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை. தாகத்தில் தேவசகாயம் முழங்கையால் இடிக்கத் தண்ணீர் வந்ததாக நம்பிக்கை. தண்ணீர் எடுப்பவர்கள் பாட்டில் கொண்டுபோங்கள். பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை, டிக்கெட் உண்டு. உள்ளே கூரையில்லாத சிற்றாலயத்தில் டிலனாய் கல்லறை: 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனி ஆள், பிறகு மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவர், நீலகண்டபிள்ளைக்கு வேதம் சொன்னவர், 1777-ல் இறந்தார். கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. உச்சி வெயிலில் எழுத்து ஒன்றும் தெரியாது. மூன்றரைக்கு மேல் வெயில் சாயும்போது நிழல் விழுந்து எழுத்து எழும்பும், இல்லையென்றால் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். சாக்பீஸ் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் கல்லுக்குக் கேடு. கைடே சொன்னாலும் செய்யாதீர்கள். டிக்கெட் கவுன்டர் மூடுவதற்குள் நுழைய வேண்டும் என்பதால் இதற்குமேல் தள்ளவும் முடியாது.

கடைசியாக இரணியல், திங்கள்நகர் வழியாக நெய்யூர். ரிங்கல்தௌபேக்குப் பின் வந்த எல்.எம்.எஸ். மிஷனெரி மீட் 1828-ல் மிஷன் தலைமையிடத்தை இங்கே மாற்றினார், டாக்டர் ராம்சே 1838-ல் வைத்தியப் பணி தொடங்கினார். கைடு "எவரெஸ்ட் ஏறிய டாக்டர் சாமர்வெல்" என்கிறார். ஏறியதில்லை; 1924-ல் சுமார் 28,000 அடி வரை போய், தொண்டை அடைத்துத் திரும்பினார். அந்த ஆள் இங்கே வந்து குடல்புண்ணுக்குக் கத்தி பிடித்தது அதைவிடப் பெரிய சங்கதி. இன்றும் நடக்கிற ஆஸ்பத்திரி என்பதால் முப்பது பேராக வார்டுக்குள் நுழையக் கூடாது.

நெய்யூரில் சொல்ல வேண்டியதும் சொல்லாமல் விடுவதும் தோள்சீலைப் போராட்டம். பள்ளிகளும் ஆலயங்களும் எரிந்தது பிரசங்கத்துக்காக மட்டுமல்ல, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை போட்டதற்காகவும்தான். 1859 ஜூலை 26 அரசாணைகூட மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. இதைச் சொன்னால் வேனில் சிலருக்கு நெளிவு வரும் என்று கைடுகள் தவிர்க்கிறார்கள் போல.

மொத்தத்தில் வண்டிக்கும் டிரைவருக்கும் நல்ல மார்க், விளக்கத்துக்குப் பத்துக்கு நான்கு. குழுவில் வரலாறு தெரிந்த ஒருவர் இருந்தால் கைடு இல்லாமல் வண்டியை மட்டும் எடுப்பது மேல். புக் செய்யும்போது டிரைவர் பேட்டா, பார்க்கிங், டோல் எல்லாம் ரேட்டில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்ப்பதானால் திங்கள்கிழமை வேண்டாம், அன்று அது விடுமுறை. ஞாயிறு காலை ஆராதனை நேரம் என்பதால் மயிலாடி இடிக்கும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்றுக்குத் தொப்பியும் குடையும் நிற்காது.