ராமேஸ்வரமா, தங்கச்சிமடமா, மண்டபமா? பிள்ளைகளோடு தீவுக்குக் குடிபோகிறவர்களுக்கு ஓர் அலசல்

பிள்ளைகுட்டிகளோடு பாம்பன் தீவுப் பக்கம் குடிபோக நினைத்தால், கணக்கில் வருவது மூன்று இடங்கள்தான். ராமேஸ்வரம் நகரம், தீவின் நடுப்பகுதியான தங்கச்சிமடம்–பாம்பன், பாலத்துக்கு முன்னாலேயே கரையில் நின்றுவிடுகிற மண்டபம். தனுஷ்கோடியையும் மன்னார் வளைகுடாத் தீவுகளையும் ஆசையோடு விசாரிப்பவர்கள் உண்டு. அந்த இரண்டையும் முதலிலேயே தள்ளிவிடுவோம்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே காலே வைக்க முடியாது, குடியிருப்பது பற்றிப் பேச்சே இல்லை. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் அழித்த பிறகு, மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசே அறிவித்தது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததால் போய்வருவது சுலபமாகிவிட்டது, அவ்வளவுதான். அங்கே குடிசை போட்டுத் தொழில் செய்யும் மீனவக் குடும்பங்களுக்குக் காற்றும் தெரியும், மணலில் எங்கே தோண்டினால் ஊற்று வரும் என்றும் தெரியும். வெளியூரிலிருந்து கைக்குழந்தையோடு வருகிறவருக்கு அந்த அறிவு ஒரு வருடத்தில் வந்துவிடாது. ராத்திரி குழந்தைக்கு மூச்சிரைத்தால், ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய 20 கி.மீ. இருட்டில் வர வேண்டும்.

தண்ணீர்தான் முதல் கேள்வி

வாடகை, பள்ளி எல்லாம் பிறகு. தீவில் வீட்டின் தரத்தைத் தீர்மானிப்பது அதன் கிணறு. மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் இருக்கும் கடல்நீரின்மேல் ஒரு படலமாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு, அதனால்தான் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணிக் கிணறு இருக்க முடிகிறது. மணற்பாங்கான இடத்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் போட்டு நீர்மட்டத்தை 10 செ.மீ. இறக்கினால், அடியிலிருந்து உப்பு 4 மீட்டர் மேலே வரப் பார்க்கும். ஆழத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று உள்நாட்டிலிருந்து வருபவர்கள் போர் போட்டுக் கெடுவது இதனால்தான். இங்கே வேண்டியது ஆழமில்லாத உறைக்கிணறு, அரை எச்பி மோட்டார், காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் தண்ணீர் சவர் தட்டிவிடும். பிறகு தெளிய ஒரு மழைக்காலம் காத்திருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் தங்கச்சிமடம் மற்ற இரண்டையும் எளிதாக முந்திவிடுகிறது. மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊர் அது, வெளி மாநிலங்களுக்கெல்லாம் நாற்று போகிறது. மல்லிகை உப்பைத் தாங்காத செடி. எந்தத் தெருவில் நாற்றங்கால் பச்சையாக நிற்கிறதோ, அந்தத் தெருவில் வீடு தேடுங்கள். அதைவிட நல்ல பரிசோதனைக் கருவி கிடையாது. கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் ஊறும் வில்லூண்டி தீர்த்தமும் இந்த ஊர்ப் பக்கம்தான்.

ராமேஸ்வரம் நகரத்திலும் நல்ல தண்ணீர்ப் படலம் உண்டு. கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களே அதற்குச் சாட்சி. ஆனால் நெருக்கமான வீடுகளும் விடுதிகளும் கழிவுநீரை இறக்குவதும் அதே மணலில்தான். மணல் வேகமாக வடியும். செப்டிக் டேங்குக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடியாவது இடைவெளி வேண்டும், நகரத்துக்குள் அது பல வீடுகளில் இருக்காது. கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் கிணற்று நீரில் நைட்ரேட் எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுக்கக் கூடாது. குழந்தையின் ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் திறனை அது குறைத்து, உடம்பு நீலம் பாய வைக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டுவதால் அதன் செறிவு இன்னும் ஏறும். மண்டபத்தில் கிணறுகள் பெரும்பாலும் சவர்த் தண்ணீர். குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரைத்தான் நம்ப வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.

கிணற்றைச் சோதிக்கச் சரியான மாதம் ஆடி, ஆவணி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்த பிறகு எந்தக் கிணறும் இனிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 500-க்குள் இருந்தால் கவலையில்லை. 2000-ஐத் தாண்டினால் வீட்டு ஆர்ஓ மிஷினின் மெம்பிரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மீட்டர் இல்லையென்றால் அந்தத் தண்ணீரில் ஒரு பிடி துவரம் பருப்பை வேகவைத்துப் பாருங்கள். முக்கால் மணி நேரம் ஆகியும் குழையாமல் முழித்துக்கொண்டு நின்றால், அது துவைக்க மட்டும்தான் ஆகும். அதற்கும் சோப்பு நுரைக்காது.

அளவைப் பொறுத்தவரை, நகரக் கணக்குப்படி ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 540 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு நாளைக்குக்கூட வராது. இரண்டு தொட்டி இருக்கும் வீடாகப் பாருங்கள்.

உப்புக் காற்று

இதில் மூன்று ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கடலுக்கு எவ்வளவு கிட்டே என்பதுதான் வித்தியாசம். வீடு பார்க்கப் போனால் சுவரைப் பார்க்காதீர்கள், புதுப் பெயின்ட் எதையும் மறைத்துவிடும். பால்கனிக்கு அடியிலும் குளியலறை மேல்தளத்திலும் அண்ணாந்து பாருங்கள். கம்பி போன போக்கிலேயே பழுப்புக் கோடும் விரிசலும் ஓடினால், உள்ளே கம்பி துருவேறிப் பருத்துப் பூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த அறையில் பிள்ளைகளைப் படுக்க வைக்கக் கூடாது. சொந்தமாகக் கட்டுகிறவர்கள் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மறைப்பு, எம்30 கலவை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கடல்நீர்ச் சாரல் படும் இடமென்றால் 50 மி.மீ. ஊர்ப்பக்கக் கொத்தனார் பழக்கத்தில் 20 மி.மீ.தான் வைப்பார். ஜன்னலுக்கு யுபிவிசி, தாழ்ப்பாளுக்குப் பித்தளை. பிள்ளைகளின் சைக்கிளை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து செயினுக்கு எண்ணெய் விடாவிட்டால், ஒரே வருடத்தில் இறுகிப்போகும்.

பள்ளிக்கூடம்

எட்டாம் வகுப்பு வரை மூன்று இடமும் சமம்தான். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருந்தால் போதும். ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு மாறுகிறது. தீவில் பிறந்த அப்துல் கலாம் உயர்நிலைப் படிப்புக்கு ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. இன்று மேல்நிலைப் பள்ளிகள் தீவிலேயே உண்டு. ஆனால் பிளஸ் ஒன்னில் பிள்ளை கேட்கும் குரூப் அந்தப் பள்ளியில் இருக்கிறதா, அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்று நேரில் போய்க் கேட்காமல் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையம், நல்ல புத்தகக் கடை என்றால் இன்னும் ராமநாதபுரம்தான். ராமேஸ்வரத்திலிருந்து அது 55 கி.மீ. தினமும் போய்வந்தால் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே கழியும். மண்டபத்திலிருந்து நாற்பதுக்கும் குறைவு. இதில் மண்டபம் தெளிவாக ஜெயிக்கிறது.

ராமேஸ்வரம் நகரத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் ரத வீதிகளைச் சுற்றி வண்டி நுழையாது. பள்ளி வேன் எங்கே நிற்கும், பிள்ளை எந்தச் சந்து வழியாக நடந்து வரும் என்பதை அந்த நாட்களுக்கென்று தனியாகப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கோயிலை ஒட்டிய தெருக்களில் வீட்டுக்காரர்கள் நாள் வாடகைக்கு விடவே விரும்புவார்கள், 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்யச் சொல்வது சகஜம். நகரத்தில்தான் இருக்க வேண்டும் என்றால் கோயிலை விட்டு விலகி, பஸ் நிலையப் பக்கம் பாருங்கள்.

ஆஸ்பத்திரியும் பாலமும்

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தடுப்பூசி எல்லாவற்றுக்கும் தீவிலேயே ஆஸ்பத்திரி உண்டு. அதற்கு மேல் என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேல் மதுரை, அது 170 கி.மீ. அடிக்கடி வீசிங் வரும் பிள்ளை, வலிப்பு வரும் பிள்ளை, சிக்கலான கர்ப்பம், இந்த மூன்றில் ஒன்று வீட்டில் இருந்தால் பாலத்தைத் தாண்டாதீர்கள். 1988-இல் திறந்த சாலைப் பாலம் ஒன்றுதான் வாகனங்களுக்கு வழி. திருவிழா நாளில் சுற்றுலா வண்டிகள் பாலத்திலேயே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தால், 108-உம் அந்த வரிசையில்தான் ஊர்ந்து வர வேண்டும்.

ரயிலைப் பெரிதாக நம்பிக் குடிபோகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதிதான் திறந்தது. இடையில் இரண்டே கால் வருடம் தீவுக்கு ரயிலே இல்லை, மண்டபம் வரை ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஓடினாலும் காற்று வலுத்தால் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள்.

மழையும் கூண்டும்

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மணல்பூமிதானே, உறிஞ்சிவிடும் என்ற நம்பிக்கை அன்று பொய்த்தது. நிலத்தடி நீர் ஏற்கெனவே மேலே இருக்கும் மாதத்தில் மணலுக்கு உறிஞ்ச இடம் ஏது? தாழ்வான தெருவில் வீடு வேண்டாம், வாசல்படி சாலையைவிட இரண்டு அடியாவது உயரமாக இருக்கட்டும். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் பழைய மணல்மேடுகளின்மேல் இருக்கும் வீடுகள் இதற்குத் தேவலை.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை வாசிக்கப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுங்கள். 1, 2 என்றால் தூரத்தில் கடலுக்குள் நடக்கிறது. 3 ஏறினால் இங்கேயே பலத்த காற்று வரும். தொட்டிகளை நிரப்பி, இன்வெர்ட்டரை சார்ஜ் ஏற்றி, பத்து நாள் மருந்தைச் சரிபார்க்க வேண்டும். 5-ஐ எட்டினால் புயலால் துறைமுகத்துக்கே ஆபத்து என்று பொருள். பாலத்தை மூடும் வரை காத்திருக்காமல் அன்று பகலிலேயே பிள்ளைகளை ராமநாதபுரம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இந்த ஒன்றில் மண்டபத்துக்காரர்களுக்குப் பதற்றம் குறைவு, தரை வழி எப்போதும் திறந்திருக்கிறது.

கடலில் பிள்ளைகள்

தீவுக்கு வருவதே பிள்ளைகள் கடலோடு வளரட்டும் என்றுதான். வடகடலை, அதாவது பாக் நீரிணைப் பக்கத்தை, பெண் கடல் என்பார்கள். தென்கடல் ஆண் கடல். வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் தென்கடல் சீறும்போது, வடகடல் குளம்போல் கிடக்கும். நீச்சல் பழக்க அந்த மாதங்களும் அந்தக் கரையும் ஏற்றவை. ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பினால் எல்லாம் தலைகீழ். அரிச்சல்முனையில் எந்த மாதமும் இறங்கக் கூடாது, இரண்டு கடலின் நீரோட்டமும் அங்கே மோதி மணலைக் காலடியிலிருந்து இழுத்துவிடும். ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்கப் பழக்குங்கள், மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். முள் குத்திவிட்டால், காலை 45 டிகிரிக்கு மிகாத சுடுநீரில் அரை மணி நேரமாவது வைக்க வேண்டும். பெரியவர் கையை விட்டுச் சூடு பார்த்த பிறகே பிள்ளையின் காலை வைக்க வேண்டும். பிறகு முள் உள்ளே தங்கியிருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டி, டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும்.

எங்கள் தேர்வு

மூத்த பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதுக்குள் என்றால் தங்கச்சிமடம். தண்ணீர், மேடு, விளையாட இடம், நகரத்துக்கும் பாலத்துக்கும் நடுவில் என்று எல்லாம் கூடிவருகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிப்பவர் இருந்தாலோ, மருத்துவத் தேவை இருந்தாலோ மண்டபம். தீவு இல்லையே என்ற குறை மனத்தில் இருக்கும்தான், ஆனால் இரண்டு கடலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ராமேஸ்வரம் நகரம், பிழைப்பு அங்கேயே இருக்கும் குடும்பத்துக்கு மட்டும்.

எங்கே போனாலும் முதல் வருடம் வாடகைதான், மனை வாங்க வேண்டாம். ஆவணியில் ஒரு நடை வந்து கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். கார்த்திகையில் அடைமழை நாளாகப் பார்த்து இன்னொரு நடை வந்து, தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். சித்திரையில் பரீட்சை முடிந்ததும் பழைய பள்ளியில் டிசி வாங்கும்போது பிள்ளையின் எமிஸ் எண்ணை, அதாவது அரசின் மாணவர் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, அங்கே பெயரை விடுவித்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அதை விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியில் பிள்ளையின் பெயர் ஏறாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருக்கும் அந்த நாட்களில் சாமான் இறக்க ஆள் கிடைப்பதும் அக்கம்பக்கத்தோடு பழகுவதும் சுலபம்.