பழைய கியூபா சுருட்டு வாங்குவோர் கவனத்துக்கு: பெட்டி அசல், உள்ளே இருப்பது போலி

1,850 பவுண்டு. இனி வராது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று இன்று காலை ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அடியில் அனுப்பியவர் பெயர்கூட இல்லை. இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். லண்டனிலும் வேறு ஊர்களிலும் பழைய ஹவானா சுருட்டு சேர்க்கிற நம் ஆட்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்களில் ஒருவர் பணமாவது தப்பட்டும். வாங்குவதற்கு முன் எதையெல்லாம் கேட்க வேண்டும், சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயர் சொல்ல மாட்டேன். பழைய ஒயின், விஸ்கி, சுருட்டு இவற்றை ஏலத்தில் விற்றுத் தருகிற ஒரு இணையதளம். பொருள் அவர்களுடையது இல்லை. தனியார் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள், தளம் தன் நிபுணரை வைத்துச் சரிபார்க்கும், விற்றதும் இரண்டு பக்கமும் கமிஷன் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே "நிபுணர் சரிபார்த்தது" என்று பச்சை எழுத்தில் போட்டிருப்பார்கள். நாம் கமிஷன் கொடுப்பதே அந்த ஒரு வரிக்காகத்தான்.

ஏலத்துக்கு வந்தது மான்டிகிறிஸ்டோ என்ற கியூபா சுருட்டின் நம்பர் 2, 25 சுருட்டு உள்ள பெட்டி, 1988. முனை கூம்பிய பிரமிடு வடிவம், 156 மில்லிமீட்டர் நீளம், 52 ரிங் (சுருட்டின் பருமனைச் சொல்கிற அளவு). இதே சுருட்டு இன்றும் உற்பத்தியில் இருக்கிறது, நல்ல கடைகளில் கிடைக்கிறது. பிறகு 1988 எதற்கு என்று கேட்கலாம். காரணம் மேலிலைதான். அந்தக் காலத்தில் ஹவானா சுருட்டுக்குப் போர்த்திய இலை கொரோஹோ என்ற ரகம். மேற்குக் கியூபாவின் வுயெல்தா அபாஹோ மண்ணில், துணிப் பந்தல் நிழலில் வளர்த்த இலை. எண்ணெய்ப் பசையோடு, தொட்டால் மெல்லிய தோல் மாதிரி இருக்கும். ஆனால் நோய் தாங்காது. 1979-80இல் நீலப் பூஞ்சண நோய் வந்து கியூபாவின் புகையிலைப் பயிரையே அழித்துப்போட்டது. அதனால்தான் 90களின் பிற்பகுதியில் ஹபானா 2000, பிறகு கிரியோயோ 98, கொரோஹோ 99 என்று நோய் தாங்கும் கலப்பினங்களுக்கு மாறினார்கள். 90களின் நடுவில் உலகமெங்கும் சுருட்டு மோகம் தலைக்கேறியபோது அவசர அவசரமாக உருட்டி அனுப்பிய பெட்டிகளும் நிறைய. இழுத்தால் புகையே வராமல் அடைத்துக்கொள்ளும். இந்த ரக மாற்றத்துக்கும் மோகத்துக்கும் முந்தைய பெட்டிகள் இப்போது உலகத்தில் எண்ணிக்கைக்குத்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கொளுத்தித் தீர்த்துக்கொண்டிருக்கிறோம்.

நண்பர் ஒருவர் வீட்டில் 80களின் மான்டிகிறிஸ்டோ ஒன்றைப் பிடித்திருக்கிறேன். காரம் முழுக்க அடங்கிப்போய், காய்ந்த அத்திப்பழமும் கோகோவும் சந்தனப் பெட்டியைத் திறந்த மணமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசி அங்குலம்வரை தொண்டையில் உறுத்தாது. அதற்குத்தான் இந்த விலை.

பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏலம் கேட்கவில்லை. அடிப்பக்கப் படத்தைத் தனியாகக் கேட்டு வாங்கினேன். சூடு வைத்த முத்திரையில் "எச்சோ என் கூபா" (கியூபாவில் செய்தது) என்று இருந்தது. "தோதால்மென்தே அ மானோ" (முழுக்கக் கையால்) என்ற வரி 1989இல்தான் சேர்ந்தது, "ஹபானோஸ் எஸ்.ஏ." என்ற கியூபா சுருட்டு நிறுவனத்தின் பெயர் 1994இல். இரண்டும் இல்லை, 1988க்கு அது சரி. மையில் குத்திய குறியீடும் இருந்தது: ஜேஎம், அதன்கீழ் ஓஏயூயூ. 1985 முதல் 90களின் கடைசிவரை கியூபாவில் தேதியை எழுத்தில் மறைத்துக் குத்துவார்கள். "நிவெல் அகூசோ" என்ற பத்து எழுத்துகளுக்கு வரிசையாக 1 முதல் 9 வரையும் கடைசி எழுத்துக்கு 0வும் மதிப்பு. ஓ பூஜ்யம், ஏ ஆறு, யூ எட்டு. ஆக 06, 88, அதாவது 1988 ஜூன். ஜேஎம் என்றால் ஹோசே மார்த்தி ஆலை, பழைய எச். உப்மான் ஆலைதான், மான்டிகிறிஸ்டோ உருட்டிய இடம். பச்சை நிற அரசு முத்திரைத் தாளிலும் சிவப்பு வரிசை எண் இல்லை. அது 1999இல்தான் வந்தது. எல்லாமே பொருந்தியது. பொருந்தாமல் எப்படி இருக்கும், பெட்டி அசல் பெட்டிதானே!

எனக்கிருந்த ஒரே சந்தேகம் கீழ் அடுக்கு. 25 சுருட்டுப் பெட்டியில் மேலே 13, நடுவில் மெல்லிய சீடார் மரத்தாள், அதன்கீழ் 12. தளத்தில் போட்டிருந்த படங்களில் மேல் அடுக்கு மட்டும்தான் இருந்தது. கீழ் அடுக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி எழுதினேன். பதில் எழுதாமல் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். தளத்தின் சுருட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவர். நல்ல நிதானமான குரல். "36 வருஷத்து மேலிலை, சார். 13 சுருட்டையும் வெளியே எடுத்து வைத்து, திருப்பி அடுக்கினால் ஒன்றிரண்டாவது விரிசல் விடும். நீங்களே சேர்ப்பவர், உங்களுக்குத் தெரியாததா? எங்கள் நிபுணர் பெட்டி வந்த அன்றைக்கே கீழ் அடுக்கைப் பார்த்துவிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். மூடி திறந்ததும் வந்த மணத்தைச் சொல்லி முடியாது." அதோடு விட்டாரா? தன்னிடமிருந்த 80களின் பெட்டி ஒன்றைப் பற்றி, அதை எத்தனை சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்தார் என்பதைப் பற்றி, கடைசிச் சுருட்டை யாரோடு பிடித்தார் என்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். சுருட்டைப் பற்றி இப்படிப் பேச ஆள் கிடைப்பது அபூர்வம். சொன்ன காரணமும் நியாயமான காரணம். பழைய மேலிலை உண்மையிலேயே உடையும். அன்று இரவே ஏலம் கேட்டேன். கமிஷன், அஞ்சல், காப்பீடு எல்லாம் சேர்த்து 1,850 பவுண்டு.

பெட்டி வந்தது. திறந்ததும் மணமே இல்லை. புதுப் புகையிலையின் அமோனியா வாடை லேசாக மூக்கில் ஏறியது. மூடியின் உட்புறத்திலும் மரத்தாளிலும் பழைய சுருட்டுகள் வருஷக்கணக்கில் கிடந்த எண்ணெய்த் தடம் வரிவரியாக இருந்தது. ஆனால் இப்போது உள்ளே இருந்த சுருட்டுகள் அந்தத் தடத்தின்மேல் உட்காரவில்லை. அத்தனை வருஷம் ஒரே பெட்டியில் நெருக்கிக் கிடந்த சுருட்டு லேசாகச் சதுரம் தட்டியிருக்க வேண்டும். இவை உருண்டையாக, பெட்டியைச் சாய்த்தால் உருண்டுகொண்டு இருந்தன.

மரத்தாளைத் தூக்கினேன். கீழ் அடுக்கு 12 சுருட்டையும் சுற்றி ஒட்டிய காகிதப் பட்டையிலும் லில்லிப்பூச் சின்னம் தங்க நிறத்தில் மின்னியது. மான்டிகிறிஸ்டோ பட்டையில் அந்தப் பூவைத் தங்க நிறமாக்கியது 2013இல். 1988 பெட்டியில் 2013 பட்டை! மேல் அடுக்கில் மட்டும் பழைய பட்டைகள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் ஒட்டிய இடத்தில் பழைய பசை காய்ந்து பழுப்பாக இருக்க, அதன்மேல் புதுப் பசை பளபளவென்று வழிந்திருந்தது. எங்கிருந்தோ பழைய பட்டைகளைச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள், 13க்குத்தான் கிடைத்திருக்கிறது. அந்த "நிபுணர்" கீழ் அடுக்கை ஒரே ஒரு முறை பார்த்திருந்தாலும் இது கண்ணில் பட்டிருக்கும். பார்க்கவே இல்லை. பார்த்ததாகச் சொன்னார்கள்.

எனக்குச் சுருட்டைப் பழக்கிவிட்ட யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் பக்கத்தில்தான் இருக்கிறார். பெட்டியைப் பார்த்துவிட்டு, "தம்பி, கதைச்சுக்கொண்டிருந்து பிரயோசனமில்லை. ஒண்டை வெட்டிப் பாப்பம்" என்றார். மேல் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து நீளவாக்கில் பிளேடால் கிழித்தோம். ஹவானாவின் இந்த வகைச் சுருட்டுக்குள் இலைகள் அடியிலிருந்து முனைவரை முழு நீளத்துக்கு மடிந்து ஓட வேண்டும். இதற்குள்ளிருந்து கொட்டியது வெட்டுத் துண்டுகள். நகத்தளவுத் துண்டுகளும் தூளும், நடுவே ஒரு தண்டுக் கட்டை. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றைக்கே தளத்துக்கு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வயிறு எரிகிற கதை. முதல் பதில்: "வயதான சுருட்டுகளில் நிறமும் மணமும் மாறுவது இயல்பு." நான் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பட்டையைப் பற்றி எழுதினேன். இரண்டாவது பதில்: "முந்தைய உரிமையாளர் பட்டைகளை மாற்றியிருக்கலாம்." சுருட்டு வைத்திருக்கிறவன் எவனாவது 1988 பட்டையைக் கழற்றிவிட்டுப் புதுப் பட்டை போடுவானா? அதைக் கேட்டதற்கு மூன்றாவது பதில், இதை அப்படியே தருகிறேன்: "பயணத்தில் சுருட்டுகள் களைத்திருக்கும். ஒரு மாதம் ஹியூமிடாரில் (ஈரப்பதம் காக்கும் பெட்டி) ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். அதுவரை உங்கள் புகார் திறந்தே இருக்கும்." கிழித்துப்போட்ட சுருட்டுக்கு ஓய்வு கொடுத்து என்ன செய்ய? ஆனாலும் எழுத்தில் கொடுத்திருக்கிறார்களே என்று பெட்டியைத் தொடாமல் வைத்திருந்தேன். மாதம் முடிந்து எழுதினால், "பொருள் கிடைத்த 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது" என்கிறார்கள். காத்திருக்கச் சொன்னதும் அவர்கள், காத்திருந்ததற்குக் கதவைச் சாத்தியதும் அவர்கள். தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினாரே, அவரைக் கேட்டேன். "அந்தப் பிரிவில் அப்படி யாரும் இப்போது இல்லை" என்றார்கள். விற்ற ஆள் யார் என்று கேட்டேன். கணக்கை மூடிவிட்டாராம், விவரம் தர முடியாதாம், தனியுரிமையாம். அவர் தனியுரிமை பெரிது, என் 1,850 பவுண்டு பெரிதில்லை.

வங்கிக்குப் போனேன். கிரெடிட் கார்டில்தான் கட்டியிருந்தேன். இங்கிலாந்தில் 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால் கார்டு கொடுத்தவரும் பொறுப்பு என்று 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆம் பிரிவு சொல்கிறது. அங்கேயும் கையை விரித்தார்கள். பணம் வாங்கியது தளம், பொருள் விற்றது வேறொரு ஆள், இடையில் மூன்றாம் ஆள் வந்துவிட்டதால் பிரிவு பொருந்தாதாம். தளத்தைக் கேட்டால் "நாங்கள் இடையில் நிற்பவர்கள் மட்டும்தான்." கமிஷன் எடுக்கும்போது மட்டும் இடையில் நிற்கவில்லை, முன்னால் வந்து நின்றார்கள். கடைசியாக இன்று காலை வந்த மின்னஞ்சல். நல்லெண்ண அடையாளமாக அடுத்த ஏலத்தில் 50 பவுண்டு தள்ளுபடி தருகிறார்களாம். 1,850 பவுண்டை விழுங்கிவிட்டு 50 பவுண்டு!

இந்த ஏமாற்று இனி கூடத்தான் செய்யும். 2022இல் கொஹிபா, டிரினிடாட் என்ற கியூபா சுருட்டுகளுக்கு உலகமெங்கும் விலையை ஏற்றிய பிறகு பழைய பெட்டிகளுக்கும் கிராக்கி ஏறிவிட்டது. காலியான பழைய பெட்டிகளை அலங்காரப் பொருள் என்று வெளிப்படையாகவே விற்கிறார்கள். முத்திரை அசல், குறியீடு அசல், பச்சைத் தாள் அசல். உள்ளே எதை வேண்டுமானாலும் நிரப்பலாம். இத்தனை நாள் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தது எல்லாம் பெட்டியைச் சோதிக்கிற வித்தை. பெட்டி மட்டும் அசலாக இருக்கிற இடத்தில் அது உதவவில்லை.

விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். கீழ் அடுக்குப் படம் வராமல் ஏலம் கேட்காதீர்கள், மேலிலை உடையும் என்று எவன் சொன்னாலும் சரி. உடைந்தால் உடையட்டும். பட்டைகளைக் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள், பசை ஒட்டிய பின்பக்கமும் சேர்த்து. தொலைபேசியில் சொன்னதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாக எடுங்கள். சந்தேகம் வந்தால் ஓய்வு கொடுக்கச் சொன்னாலும் கொடுக்காதீர்கள், அன்றைக்கே பதிவு அஞ்சலில் திருப்பி அனுப்புங்கள். கிரெடிட் கார்டாக இருந்தாலும் பணம் நேராக விற்பவருக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் நேரில் போய், பெட்டியைத் திறந்து, மரத்தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இன்னொன்று. அந்தப் பெட்டியில் முதலில் இருந்த 25 சுருட்டு எங்கோ இருக்கலாம். பட்டை இல்லாமலோ, பட்டை கிழிந்தோ, "1988 மான்டிகிறிஸ்டோ நம்பர் 2" என்று யாராவது உங்களிடம் ஒன்றிரண்டாக விற்க வந்தால், வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.