ஆக்ஸ்பர்க் ஃபுக்கரை: வருட வாடகை 88 சென்ட்

ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் பக்கம் போனால் ஃபுக்கரை (Fuggerei) என்ற இடத்துக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். வங்கியாளர் யாக்கோப் ஃபுக்கர் 1521-ல் ஏழைகளுக்காக நிறுவிய குடியிருப்பு. இன்றும் அதில் குடும்பங்கள் வாழ்கின்றன. வருட வாடகை அன்றைக்கு ஒரு ரைன் குல்டன் (அந்தக் கால நாணயம்), இன்றைக்கு 88 யூரோ சென்ட். கூடவே ஃபுக்கர் குடும்பத்துக்காகத் தினமும் மூன்று ஜெபம்.

முதலில் வாசல் மணிகளின் இழுப்புக் கம்பிகளைப் பாருங்கள். ஒன்று மூவிலை, இன்னொன்று பைன் காய் என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். தெருவிளக்கு இல்லாத காலத்தில் இருட்டில் தடவிப் பார்த்தே தன் வீட்டைக் கண்டுபிடிப்பார்களாம். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தடவிப் பார்த்தேன். இரும்பு சில்லென்று இருந்தது.

நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறவன். அதனால் வாடகையைவிட, அந்தச் சலுகையைக் கொடுத்த கைதான் எனக்கு முக்கியம். 1519-ல் புனித ரோமப் பேரரசர் தேர்தலில், ஓட்டுரிமை பெற்ற ஏழு தேர்வாளர்களைப் பிடிக்க ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்துச் சார்லஸ் தரப்பு செலவழித்தது சுமார் 8,50,000 குல்டன். அதில் 5,43,000-க்கு மேல் ஃபுக்கரின் பணம். எதிரே போட்டியிட்டவர் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சிஸ். ஜெயித்தது சார்லஸ். கடன் பாக்கி இழுத்துக்கொண்டே போனதும், என் உதவி இல்லாமல் உங்களுக்கு ரோமானிய மகுடம் கிடைத்திருக்காது என்று 1523-ல் பேரரசருக்கே எழுதினார் ஃபுக்கர். கடனை வசூலிக்க ஒருவர் எழுதிய கடிதங்களில் இதைவிடத் துணிச்சலானது எனக்குத் தெரியாது.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி தர்மத்தைப் பற்றி மட்டுமே பேசினார், அதுதான் குறை. மாயின்ஸ் பேராயர் பதவிக்காக ஆல்பிரெக்ட் வாங்கிய கடன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கடனை அடைக்கத்தான், திருச்சபை காசுக்கு விற்ற பாவமன்னிப்புச் சீட்டுகளின் வசூலில் பாதி ஃபுக்கருக்குப் போனது. மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1517-ல் கொதித்தெழுந்ததும் அந்த விற்பனையைப் பார்த்துத்தான். இதைச் சொல்லாமல் ஃபுக்கரைப் பற்றிப் பேச முடியுமா?

உள்ளே, பழைய மாதிரியே வைத்திருக்கும் வீட்டையும் பதுங்குகுழி அருங்காட்சியகத்தையும் தவறவிடாதீர்கள். 1944 குண்டுவீச்சில் பெரும்பகுதி நொறுங்கி, திரும்பக் கட்டிய இடம் இது. இசைமேதை மொஸார்ட்டின் கொள்ளுத் தாத்தா குடியிருந்த வீடும் இங்கேதான்.

அப்புறம் மாக்சிமிலியன் வீதிக்கு நடந்துவிடுங்கள். 1518-ல் போப்பின் தூதர் கஜெத்தான் லூதரை விசாரித்தது அங்கிருக்கும் ஃபுக்கர் மாளிகையில்தான். அப்போது லூதர் தங்கியிருந்தது செயின்ட் அன்னா மடத்தில். அதே செயின்ட் அன்னா தேவாலயத்தில், தான் கட்டிய சிற்றாலயத்தில்தான் ஃபுக்கர் புதைக்கப்பட்டார். அது இன்று லூதர் வழிவந்த லூதரன் சபையின் தேவாலயம். நான் அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.