லுவார் ஆற்றங்கரை சைக்கிள் பயணம்: 1,840 யூரோ போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்கு வீடு வந்து சேர்ந்தோம். இன்று புதன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, வழக்கு கிழக்கு என்று இன்னொரு தலைவலி வேண்டாம். பிரான்சில் இருந்து நடத்துகிறார்கள், சைக்கிள், ஓட்டல், பெட்டி தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பது எல்லாம் சேர்த்து விற்கும் முன்பதிவுத் தளம், அவ்வளவு தெரிந்தால் போதும். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் பாரீஸ் புறநகரில் இருக்கிறோம். மகளுக்குப் பதினொரு வயது, பள்ளியில் மறுமலர்ச்சிக் காலத்து அரண்மனைகளைப் பற்றிப் பாடம் நடந்ததில் இருந்து ஒரே நச்சரிப்பு, ஷாம்போர் போகணும், ஷெனோன்சோ போகணும் என்று. மே மாதம் விண்ணேற்ற விழா வியாழக்கிழமை விடுமுறை, வெள்ளிக்கு லீவு போட்டால் நான்கு நாள் சேர்ந்து வரும், இங்கே இதற்குப் பாலம் கட்டுவது என்றே பெயர். ஜெர்மனியில் இருந்து என் மச்சினனும் வருகிறேன் என்றான். ஆக நான்கு பேர். லுவார் ஆற்றை ஒட்டி சுமார் 900 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை போகிறது, நெவேர் பக்கத்தில் தொடங்கி அட்லாண்டிக் கடல் வரை. அதில் புளுவாவில் இருந்து தூர் வரை உள்ள துண்டில்தான் அரண்மனைகள் அடுத்தடுத்து வரும். மேடு பள்ளம் அதிகம் இல்லை, குழந்தையோடு போக ஏற்றது. இதெல்லாம் உண்மை. அந்த ஊரின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நானே ஓட்டல் ஓட்டலாகத் தேடிப் போட்டிருக்கலாம். சோம்பேறித்தனம். தளத்தின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் 'நூறு சதவீதம் வண்டிகள் இல்லாத பாதை' என்று இருந்தது. இருந்தாலும் சந்தேகம் வந்து போன் போட்டேன். அங்கேதான் விழுந்தேன்.

எடுத்தது ஒரு பெண்மணி. இருபது நிமிடத்துக்கு மேல் பேசினார், துளி அவசரம் இல்லை. மகளின் உயரம் என்ன என்று அவராகவே கேட்டார். 1 மீட்டர் 38 என்றேன், எழுதிக்கொண்டேன் என்றார், சிறுவர் சைக்கிள்தான் சரிப்படும் என்றார். ஷெனோன்சோ ஷேர் ஆற்றின் மேலேயே நிற்கிற அரண்மனை, அந்த 60 மீட்டர் நீளக் கூடம் முதல் உலகப்போரில் ஆஸ்பத்திரியாக இருந்தது, இரண்டாம் உலகப்போரில் ஆற்றின் இந்தக் கரை ஜெர்மானியர் கையில், அந்தக் கரை அப்படி இல்லை, கூடத்தின் இந்தக் கதவில் நுழைந்து அந்தக் கதவில் வெளியேறித் தப்பித்தவர்கள் உண்டு, உங்கள் பெண்ணிடம் அந்தக் கதவைக் காட்டுங்கள் என்றெல்லாம் சொன்னார். எனக்கு மனசு கரைந்துவிட்டது. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன் பாருங்கள், அந்த நினைப்புக்குத்தான் 1,840 யூரோ.

கார்டில் கட்டினால் 1,880, வங்கியில் இருந்து நேராக அனுப்பினால் 1,840 என்றார். நாற்பது யூரோ மிச்சம் என்று அன்றைக்கே அனுப்பினேன். மனைவி பக்கத்தில் நின்று, "ஏங்க, கார்டிலேயே கட்டிடுங்களேன்" என்றாள். கேட்டிருக்கலாம்.

வியாழன் காலை ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறிப் புளுவா போனோம். சைக்கிள்கள் 10 மணிக்கு ஓட்டல் வாசலில் இருக்கும் என்று எழுத்தில் இருக்கிறது. வேன் வந்தது 2.40க்கு. இறக்கிய நான்கும் பெரியவர்கள் சைக்கிள். மகளுக்கானது என்று ஒன்றை நீட்டினான் அந்தப் பையன், சீட்டை அடிவரை இறக்கியும் அவள் கால் நுனிவிரல்தான் தரையில் பட்டது. ஹேண்டில்பார் ரப்பர் பிய்ந்து, கை வைத்தால் கறுப்பு ஒட்டுகிறது. என் மனைவியின் சைக்கிளில் செயின் துருப்பிடித்து, மூன்றாவது கியரில் போட்டால் கழன்றுவிடும். "எனக்கு இறக்கி வைக்கத்தான் சொன்னார்கள்" என்று அவன் போய்விட்டான். அவனைச் சொல்லி என்ன பயன்.

ஷாம்போர் போகும் வழி, ஆற்றங்கரையும் அப்புறம் காடும், அவ்வளவு அழகு. ஆனால் போய்ச் சேரும்போது உள்ளே விடும் நேரம் முடிந்துவிட்டது. 1519இல் கட்டத் தொடங்கிய அரண்மனை, நடுவில் இரட்டைச் சுருள் படிக்கட்டு, ஒருவர் ஏற ஒருவர் இறங்க எதிரெதிரே சந்திக்கவே மாட்டார்கள், அதில் மாமாவும் அவளும் ஆளுக்கு ஒரு பக்கம் ஏறுவதாக ரயிலிலேயே பந்தயம் கட்டியிருந்தார்கள். வெளியே புல்லில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

வெள்ளிக்கிழமைதான் உண்மையான கூத்து. புளுவாவில் இருந்து அம்புவாஸ் சுமார் 40 கிலோமீட்டர். வழிக்கு அவர்கள் ஒரு கோப்பு அனுப்பியிருந்தார்கள், போனில் போட்டு அது சொல்கிறபடி போக வேண்டும். ஷோமோன் தாண்டியதும் ஓரிடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பாதையின் அதிகாரபூர்வப் பலகை ஒரு சின்ன ரோட்டைக் காட்டுகிறது, எங்கள் போன் நேராகப் போ என்கிறது. நின்று, அவசர உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். வேறு ஒரு குரல். பலகை வழி சுற்று, ஏற்றம் இருக்கும், குழந்தை இருப்பதால் உங்களுக்கென்று எளிதாக்கித் தந்திருக்கிறோம், எங்கள் கோப்பையே பின்பற்றுங்கள் என்றது. மறுபடியும் நம்பினேன். ஒரே வாரத்தில் இரண்டாவது முறை.

எளிதாக்கித் தந்த வழி எது தெரியுமா? டி 751. ஆற்றை ஒட்டிப் போகும் மாவட்டச் சாலை. விடுமுறை வெள்ளிக்கிழமை, கேம்பர் வேன்களும் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் லாரி. ஓரத்தில் சைக்கிளுக்கு என்று ஒரு முழம் இடம்கூட இல்லாத பகுதிகள். லாரி கடக்கும்போது வருகிற காற்று முதலில் உள்ளே இழுக்கும், அடுத்த நொடி வெளியே தள்ளும், பெரியவன் எனக்கே கை நடுங்கியது. கால் எட்டாத சைக்கிளில் அவள். மச்சினன் பின்னால் இருந்து, "அத்தான், நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினான், திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் புல்லில் சரிந்து கிடந்தாள். முட்டி சிராய்ப்போடு போயிற்று. ஒரு அடி இந்தப் பக்கம் விழுந்திருந்தால் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது, அதை எழுதப் போவதில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். திராட்சைத் தோட்டம் பக்கம் ஏறும் ஒரு கிளைச்சாலையில் திரும்பினால், அங்கே அதே பச்சைப் பலகை! வயதான ஒரு ஜோடி பின்பெட்டியில் ரொட்டியைச் செருகிக்கொண்டு சாவகாசமாகப் போகிறார்கள். அந்தப் பாதை முழுக்க வண்டியே வராது என்று சொல்ல மாட்டேன், தனிப்பாதை கொஞ்சம், கரைமேல் பாதை கொஞ்சம், ஊருக்குள் போகும் சின்ன ரோடுகள் கொஞ்சம், அப்படிக் கலந்ததுதான். அதில் தப்பே இல்லை. அரசு பலகை நட்டு வைத்திருக்கிற, யார் வேண்டுமானாலும் சும்மா போகக்கூடிய பாதை அது. அந்தப் பாதையை விட்டு விலக்கி ரோட்டில் தள்ளுவதற்கு நான் 1,840 யூரோ கொடுத்திருக்கிறேன். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அதுதான்.

அம்புவாஸ் ஓட்டலில் இரண்டு அறை இருக்க வேண்டும். இருந்தது ஒன்று. ஓட்டல்கார அம்மா தங்கமான மனுஷி, கணினித் திரையைத் திருப்பியே காட்டினார்: ஒரு அறை, இரண்டு பேர், இரண்டு இரவு. ஊர் முழுக்க நிரம்பி வழிகிறது. கடைசியில் 6 கிலோமீட்டர் தள்ளி ஓரிடம் அவரே போன் போட்டுப் பிடித்துக் கொடுத்தார், இரவுக்கு 132, இரண்டு இரவுக்கு 264 யூரோ, அதுவும் எங்கள் கையில் இருந்து. மகள் முட்டிக்கு மருந்து போட்டு, சூடாகச் சாக்லேட் பாலும் கொடுத்தார். பெட்டிகள் அன்று வரவில்லை. சனி மதியம் வந்தன. அதுவரை வேர்த்த சட்டையோடு காத்துக் கிடந்ததில் ஷெனோன்சோவும் போயிற்று. மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இதை நெகிழ்ச்சிக்காக நான் எழுதவில்லை, எனக்கு அது கோபத்தைத்தான் கூட்டியது. ஞாயிறு சைக்கிள்களை ஓட்டலிலேயே விட்டுவிட்டு ரயில் ஏறினோம்.

திங்கள் காலையில் போன் போட்டேன். 'நாங்கள் இணைத்து வைக்கும் தளம் மட்டுமே, சைக்கிள் கொடுத்தது வேறு நிறுவனம்' என்றார்கள். சரி என்று அந்தச் சைக்கிள் கடையைத் தேடிப் பிடித்தால், பெரியவர் சைக்கிள் நான்கு, மலிவு வகை என்றுதான் தளத்திடமிருந்து ஆர்டர் வந்தது, சிறுவர் சைக்கிள் பேச்சே இல்லை என்கிறார்கள். மறுபடி தளம்: படிவத்தை நிரப்புங்கள். நிரப்பினேன். போட்டோ வேண்டும். அனுப்பினேன். வழி பற்றிய கேள்விக்கு ஒரு வரி பதில், 'பாதைகள் பரிந்துரை மட்டுமே, சாலையைத் தேர்ந்தெடுப்பது பயணியின் பொறுப்பு.' போன் போட்டுக் கேட்டபோது பலகையைப் பார்க்காதே, கோப்பைப் பார் என்று சொன்னது யார்? பேசிய பெண்மணியைக் கேட்டால் அவர் விடுப்பில் இருக்கிறாராம், எப்போது வருவார் என்று சொல்ல முடியாதாம். நேற்று மாலை ஒரு மெயில்: நல்லெண்ண அடிப்படையில் 60 யூரோ கூப்பன், அடுத்த பயணத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். 1,840க்கு 60. அதையும் அவர்களிடமே செலவழிக்க வேண்டும். தளத்தில் நான் எழுதிய கருத்து இரண்டு மணி நேரத்தில் காணாமல் போனது.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், கை வலிக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். கார்டில் கட்டுங்கள், கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் தகராறு எழுப்ப ஒரு வழியாவது இருக்கும், நேராக அனுப்பிய பணத்தைத் திருப்ப முடியாது என்று என் வங்கியில் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார்கள். பிரான்சில் இப்படிச் சேர்த்து விற்பவர்களுக்கு ஐஎம் என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும், அத்தூ பிரான்ஸ் என்ற அரசுச் சுற்றுலா அமைப்பின் பதிவேட்டில் பார்க்கலாம், நான் திங்கட்கிழமைதான் பார்த்தேன், அவர்கள் பக்கத்தில் அப்படி எண்ணே இல்லை. வழிக் கோப்பைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள், வாங்கி வரைபடத்தில் போட்டுப் பாருங்கள், டி என்று ஆரம்பிக்கும் பெரிய ரோடு நீளமாக வந்தால் ஓடிவிடுங்கள். ஓட்டலுக்கு நீங்களே ஒரு போன் போட்டு எத்தனை அறை என்று கேளுங்கள். ஓட்டலும் சைக்கிளும் ஒன்றாக விற்றால் 2015ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பயணப் பொதி விதிப்படி விற்றவர்தான் பொறுப்பு, 'நாங்கள் இணைப்பு மட்டும்' என்றால் விட்டுவிடாதீர்கள். அரசின் நுகர்வோர் புகார்த் தளமான சிக்னல்கான்சோவிலும் புகார் போட்டுவிட்டேன்.

இன்று மதியம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன், 1,840ம் அந்த 264ம் சேர்த்துக் கேட்டு. தபால் செலவும் நான்தான் கட்டினேன்.